தண்ணீர் வராத சலவைத்துறைக்குக் கூரை எதற்கு?

பிரான்ஸ் கிராமங்களில் 'லவுவார்' எனப்படும் பழைய பொதுச் சலவைத்துறைகளைப் புதுப்பிக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஓடு மாற்றி, உத்தரத்துக்கு எண்ணெய் பூசிவிட்டு, ஊற்றுநீரை அடைத்து, காய்ந்த தொட்டிக்குள் பூஞ்சாடிகளை அடுக்கிவிடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

லவுவாரைக் கட்டியவர்கள் முதலில் யோசித்தது தண்ணீர் போகும் வரிசையைத்தான். ஊற்றுநீர் முதலில் குடிநீருக்கு, அடுத்து மாடு, குதிரைத் தொட்டிக்கு, கடைசியில்தான் துணிக்கு. அங்கேயும் மேல்பக்கம் அலச, கீழ்ப்பக்கம் சோப்புப் போட. வரிசை பிசகினால் அலசிய துணியில் அடுத்தவர் அழுக்கு ஏறும். மேல்பக்க இடத்துக்குச் சண்டை வந்தது சும்மாவா?

பர்கண்டியில் தொன்னேர் ஊரின் வட்டமான லவுவார் 1758இல் கட்டியது. ஆனால் ஊருக்கு ஊர் இவை பெருகியது 19ஆம் நூற்றாண்டில்தான். 1832இலும் 1849இலும் காலரா வாரிக்கொண்டு போன பிறகு, 1851 பிப்ரவரி 3ஆம் தேதிச் சட்டம் பொதுக் குளியலறைகளுக்கும் சலவைத்துறைகளுக்கும் 6 லட்சம் பிராங்க் ஒதுக்கியது.

பெரிய சலவை வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று. மூன்று நாள் வேலை. முதல் நாள் ஊறல். இரண்டாம் நாள் வீட்டிலேயே மரத்தொட்டியில் படுக்கை விரிப்புகளை அடுக்கி, மேலே முரட்டுத்துணி விரித்து, சலித்த சாம்பலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். நம்மூர் வெள்ளாவியில் உவர்மண் செய்ததை அங்கே சாம்பல் செய்தது. பழமரச் சாம்பல் உசத்தி. ஓக், செஸ்ட்நட் சாம்பல் ஆகாது, துணியில் கறை ஏற்றிவிடும். முதல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். எடுத்ததுமே கொதிநீர் ஊற்றினால் ரத்தக்கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். அடித்துளையில் வடிவதைப் பிடித்து, சுடவைத்து, மறுபடி ஊற்றி, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பொழுது போய்விடும்.

மூன்றாம் நாள்தான் லவுவார். வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் மண்டியிட்டு, சரிவான கல்விளிம்பில் துணியைப் போட்டு, மரமட்டையால் அடித்துச் சாம்பல்நீரை வெளியேற்றுவார்கள். ஊறல், கொதி, அலசல் மூன்றுக்கும் அவர்கள் வைத்த பெயர் உத்தரிக்கிற ஸ்தலம் (மோட்சத்துக்கு முன் பாவக்கறை கழியும் இடம்), நரகம், மோட்சம். பனிக்காலத்தில் விரல் விறைத்துப்போகும் அந்த மோட்சத்தை வெறும் ஊர்வம்பு பேசும் இடமாகப் படம் போட்டு விற்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

தண்ணீரை நிறுத்தினால் கட்டடமும் நிற்காது. தொட்டிக்கு அடியில் களிமண் பூச்சு இருந்தால் காய்ந்து வெடிக்கும். பிறகு தண்ணீர் விட்டாலும் தங்காது. நீரில் முழுக மூழ்கிக் கெடாமல் கிடந்த மரம், நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருந்தால் உளுத்துவிடும். விரிசலுக்குச் சிமெண்ட் அப்புவது அடுத்த கேடு. ஈரம் கல்லுக்குள்ளேயே சிக்கி, உறைபனியில் கல் செதில் செதிலாகப் பெயரும். சுண்ணாம்புக் காரைதான் வேண்டும்.

பாசி பிடிக்கிறது என்பதற்காகத் தண்ணீரை அடைக்க வேண்டியதில்லை. அடைப்பானைப் பிடுங்கி வடியவிட்டு, கட்டைத் துடைப்பத்தால் தேய்த்து, அன்றைக்கே நிரப்பிவிடுங்கள். பூஞ்சாடி வைக்கச் சுவரோரம் எவ்வளவோ இடம் இருக்கிறது.