கடல்நாய் தின்ற மீன் யார் கணக்கில்?

சீல் என்னும் கடல்நாய் நடமாடும் கரைகளில் நின்று அலையைத் தாண்டித் தூண்டில் வீசுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கணம் பழக்கமானதுதான். மீன் மாட்டிக் கோல் வளைந்து, ரீல் கிறீச்சிட தூண்டில் நரம்பு ஓடி, பிறகு மீன் களைத்து நம் பக்கம் திரும்பும் வேளையில் நரம்பு ஒரு நொடி தொய்ந்துபோகும். அடுத்த நொடியே, கடலடியில் கிடந்த பாறை எழுந்து நடக்கத் தொடங்கியதுபோல் ஒரு கனம் மறுமுனையில் ஏறும். அதற்குமேல் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. நரம்பு அறும், அல்லது செவுளோடு துண்டான தலை மட்டும் கரைக்கு வரும். சற்று நேரத்தில் நுரைக்கு அப்பால் ஒரு வழுவழுப்பான தலை எழுந்து, அடுத்த வீச்சு எப்போது என்று கேட்பதுபோல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல்முறை எனக்கு இது நேர்ந்தபோது எறிவதற்குக் கல் தேடினேன். மணற்கரையில் கல் ஏது? ஆகவே கோபப்படுகிறவர்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் தூண்டில்காரர்கள் கூடும் இடமெல்லாம் எழும் "சுட்டுத் தொலைத்தால்தான் விடிவு" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. இரக்கம் ஒருபுறம் இருக்கட்டும். அது ஏற்கெனவே கொடுத்துப் பார்த்த மருந்து.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், கொன்ற ஒவ்வொரு கடல்நாய்க்கும் 1888 முதல் 1962 வரை பரிசுப் பணம் கொடுத்தது; அறுத்த மூக்கைக் கொண்டுவந்து காட்டினால் பணம். பக்கத்திலுள்ள மெய்ன் மாநிலமும் இடையிடையே சில ஆண்டுகள் இவ்வாறே கொடுத்தது. இரண்டு மாநிலங்களிலுமாக 72,000 முதல் 1,35,000 வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். சாம்பல் கடல்நாய் அக்கரைகளில் ஏறக்குறைய இல்லாமலே போனது. சரி, மீன் பெருகியதா? அங்கே கரைத் தூண்டில்காரர்கள் உயிராக மதிக்கும் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற வரிமீன், கடல்நாய்கள் அரிதாக இருந்த அதே காலத்தில்தான், 1980-களின் தொடக்கத்தில், அடியோடு சரிந்தது. மேரிலாந்து மாநிலம் 1985-இல் அம்மீனைப் பிடிக்கவே தடை போட வேண்டியதாயிற்று. மனிதர்கள் அளவுமீறிப் பிடித்ததே அந்தச் சரிவுக்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

1972-இல் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நிலைமை மெல்லத் திரும்பியது. மாசசூசெட்ஸின் கேப் காட் தீபகற்பத்து மணல்திட்டுகளில் இன்று ஆயிரக்கணக்கில் கடல்நாய்கள் படுத்துக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி வெள்ளைச் சுறாவும் வந்துவிட்டது. 2018-இல் வெல்ஃப்ளீட் கரையில் சுறா கடித்து ஒருவர் இறந்தார். 1936-க்குப் பிறகு அம்மாநிலத்தில் சுறாவால் நேர்ந்த முதல் மரணம் அது. அங்குள்ளவர்களின் எரிச்சலை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. என்றாலும் அந்தக் கடல்நாய்களின் இரைப்பையை ஆராய்ந்தவர்கள் கண்டதில் பெரும்பங்கு மணலில் புதைந்து வாழும் விரலளவு மெல்லிய மீன்களே. நம் வரிமீனை நம்பி அவை வாழவில்லை. அப்படியானால் நம் கொக்கியில் மாட்டிய மீனை மட்டும் ஏன் இவ்வளவு குறிபார்த்து எடுக்கின்றன?

நாமே பழக்கினோம் என்பதுதான் என் பதில். ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 இளம் சாம்பல் கடல்நாய்களை ஒவ்வொன்றாகக் குளத்தில் விட்டு, அங்கிருந்த பல பெட்டிகளுள் மீன் வைத்த பெட்டி ஒன்றில் ஒலியெழுப்பும் சிறு கருவியையும் சேர்த்து வைத்தார்கள். சில முறை முயன்ற பிறகு, அந்த ஒலி வரும் பெட்டியை அவை மேலும் மேலும் விரைவாகக் கண்டுபிடித்தன. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, ஒலி வந்தால் சோறு உண்டு என்று தாமே புரிந்துகொண்டன. மீன் பண்ணைகளில் கடல்நாயை விரட்ட வைத்த ஒலிக்கருவிகளே, நாளாக நாளாக, சாப்பாட்டு மணியாக மாறிவிடுகின்றன என்ற புகாரும் பழையதுதான்.

ஜெர்மனியில் செய்து 2001-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், கண்ணைக் கட்டிக் காதையும் மூடிய கடல்நாய்கள், ஒரு சிறு நீர்மூழ்கிப் பொம்மை கடந்துபோன பின்பு நீரில் எஞ்சிய சுழலை மீசையால் மட்டுமே உணர்ந்து, அது போன வழியே பின்தொடர்ந்தன. பொம்மையின் தடமே போதுமென்றால், நரம்பின் மறுமுனையில் பத்து நிமிடம் துள்ளித் துடித்து, ஓட வழியில்லாமல் வட்டமடிக்கும் ஒரு பெரிய மீன் அந்த மீசைக்கு என்ன சேதி சொல்லும்? அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நாம் "நல்ல ஆட்டம்" என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். மெல்லிய நரம்பு, இலகுவான கோல், நீண்ட போராட்டம் என்பவையெல்லாம் ரசனை என்றே நானும் பல காலம் நம்பியிருந்தேன். கடல்நாய் உள்ள கரையில் அது பரிமாறும் நேரத்தை நீட்டுவது; வேறொன்றும் இல்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அமெரிக்க அட்லாண்டிக் கரையில் வரிமீனுக்கு 2023 முதல் உள்ள பொது விதி, நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒரே மீன், அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள் என்பது. மற்றதைத் திரும்ப விட வேண்டும். விட்ட 100 மீன்களில் 9 இறந்துவிடும் என்று மீன்வள ஆணையம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. விட்டதற்கே இப்படி ஒரு கணக்கு இருக்க, ஒரே மாலையில் என் கொக்கியில் மாட்டி நான்கு மீன்கள் கடல்நாய்க்குப் போயிருந்தால், சட்டப்படி என் எண்ணிக்கை இன்னும் பூஜ்யம்தான்! நான் இன்னமும் ஒரு மீனுக்கு உரியவனாக, மேலும் வீசிக்கொண்டே நிற்கலாம். என் கொக்கி இல்லாவிட்டால் அந்த நான்கும் தப்பியிருக்கக்கூடும். அவை செத்தது என்னால். "கடல்நாய் திருடிவிட்டது" என்று சொல்லும்போது, இந்தக் கணக்கை அதன் முதுகில் ஏற்றிவிட்டு நான் கையைக் கழுவிக்கொள்கிறேன்.

ஆகையால் சில காலமாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதல் மீன் கடல்நாய்க்குப் போனதுமே நரம்பைச் சுற்றிவிடுகிறேன். சற்றுத் தள்ளிப் போய் வீசலாமே என்பார்கள். கரையோரமாகவே அவை நம்மோடு கூடவே நீந்தி வருவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாகனத்தில் ஏறிப் போகும் தூரம் என்றால் சரி. கனமான நரம்பு கட்டி மீனை விரைவாக இழுப்பது ஓரளவு உதவுகிறது. மீன் குடலையும் மிஞ்சிய இரையையும் தண்ணீரில் வீசாமல் இருப்பது எல்லோராலும் முடியும். அறுந்த நரம்பை விட்டுவிட்டு வருவதோ, கடல்நாயின் கழுத்தில் சுருக்கு மாட்டிவிட்டு வருவதற்குச் சமம். அருகே போய் விரட்டப் பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி: தென்னாப்பிரிக்கக் கரைகளில் 2024-இல் கடல்நாய்களிடம் வெறிநோய் உறுதி செய்யப்பட்டது.

வலை போடுகிறவர்களுக்காவது ஏதோ வழி பிறந்திருக்கிறது. பால்டிக் கடலில் கடல்நாய் கிழிக்க முடியாத கூண்டு வலைகளை உருவாக்கியிருக்கிறார்கள். கோல் பிடித்து நிற்கிறவனுக்கு அப்படி ஒரு கருவி இல்லை. வந்துவிடும் என்று நான் காத்திருக்கவும் இல்லை.

என் குறிப்பேட்டில் முன்பு இரண்டு பத்திகள் இருந்தன: "பிடித்தது" ஒன்று, "கடல்நாய்க்குப் போனது" இன்னொன்று. இப்போது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். சென்ற மாதம் பிடித்தது ஆறு. வீட்டுக்கு வந்தது ஒன்று.