கதவு பூட்டியிருந்ததாம்

மதியம் 12 மணி 7 நிமிடத்துக்கு என் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தபோது நான் எங்கள் வீட்டுத் திறந்த கதவில் முதுகைச் சாய்த்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். தபால் கொடுக்க வந்தார்களாம், கதவு பூட்டியிருந்ததாம், திரும்பிப் போய்விட்டார்களாம். அந்தத் தபாலை வாங்குவதற்காகவே ஒரு நாள் சம்பளத்தை விட்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை ஒன்பது மணியிலிருந்து குளியலறைக்குக்கூடப் போகாமல் காத்துக்கொண்டிருந்தவனுக்கு வந்த செய்தி இது. இரண்டாம் முறையாக வந்த செய்தி.

முதல் முறை வந்தது முந்தைய நாள். உள்ளே இருந்தது என் தம்பியின் ஓட்டுநர் உரிமம். 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் உரிமத்தை நேரில் தருவதில்லை, விரைவுத் தபாலில்தான் அனுப்புகிறார்கள் என்பது வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த அட்டையைக் காட்டினால்தான் மணலி பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை. செய்தியைப் பார்த்ததும் பதறிப்போய் அம்மாவுக்குப் போன் செய்து, வீட்டைப் பூட்டிவிட்டு எங்கே போனாய் என்று கத்தியிருக்கிறான். "நான் எங்கடா போவேன்? காலையிலேர்ந்து வாசல்லதான குந்தினு இருக்கேன்" என்று அம்மா சொன்னார். உண்மைதான். முட்டிவலியால் மாடிப்படிகூட ஏறாத அவர், காசிமேட்டிலிருந்து வந்த ஒரு கிலோ நெத்திலியை மடியருகே முறத்தில் கொட்டிக்கொண்டு, தலையைக் கிள்ளிக் குடலை உருவி, ஒவ்வொன்றாக ஆய்ந்து சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் தண்ணீர் கேன் போடும் பையன் வந்து போயிருக்கிறான். கேஸ் சிலிண்டர்காரர் தோளில் சிலிண்டரோடு அம்மாவைத் தாண்டிச் சமையலறைவரை போய் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் எல்லோருக்கும் திறந்திருந்த கதவு தபால்காரர் ஒருவருக்கு மட்டும் எப்படிப் பூட்டிக்கொண்டது?

அந்தக் கதவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் முழங்காலளவு வீட்டுக்குள் நின்றபோது ஊறி உப்பிப்போன கதவு அது. இன்றுவரை நிலையோடு சரியாகப் பொருந்துவதில்லை. இரவில் தாழ்ப்பாள் போடவே தோளால் முட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. பகலில் அதை யாரும் மூடுவதே இல்லை.

முதல் செய்தி வந்த அன்றே வேலையிலிருந்து அனுமதி கேட்டுக்கொண்டு எங்கள் பகுதி அஞ்சலகத்துக்கு ஓடினேன். மூன்று கவுன்ட்டர்களில் ஒன்றில் மட்டும் ஆள் இருந்தார். காலாண்டு வட்டி வரவு வைக்கப்படும் வாரம் என்பதால், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பணம் போட்ட பெரியவர்கள் பாஸ்புத்தகத்தைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, மின்விசிறி எட்டாத ஓரத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஐம்பது நிமிடம் நின்று என் முறை வந்ததும், நான்கு எழுத்தும் ஒன்பது இலக்கமும் கொண்ட தபால் எண்ணைப் படித்துச் சொன்னேன். தபால்காரர் பீட்டுக்கு, அதாவது தனக்கு ஒதுக்கிய தெருக்களில் தபால் கொடுக்க, போயிருக்கிறார், மூன்று மணிக்கு வாருங்கள் என்றார்கள். மூன்று மணிக்குப் போனேன். உறை அவர் கையில் இருக்கிறது, நாளைக்குக் கட்டாயம் கொண்டுவருவார், வீட்டில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று எனக்கு அறிவுரை சொன்னார்கள். அதை நம்பித்தான் மறுநாள் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

இரண்டாம் செய்தி வந்ததும், திறந்த கதவையும் அதன் அருகில் நிற்கும் அம்மாவையும் படம் எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். படத்தை யாரும் பார்க்கவே இல்லை. "சிஸ்டத்துல அப்படித்தான் சார் இருக்கு" என்ற ஒரே பதிலைத்தான் நான் எத்தனை விதமாகக் கேட்டபோதும் சொன்னார்கள். என் வீட்டுக் கதவைப் பற்றி என் கண்ணைவிட, என் தாயின் சொல்லைவிட அந்தக் கணினித் திரைக்குத்தான் அதிகம் தெரியும் என்றால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறிலக்கப் பின்கோடு, அந்த உறையைப் பிசகாமல் எங்கள் அஞ்சலகம்வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அங்கிருந்து எங்கள் வீடு நடந்தால் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தைத்தான் கடக்க முடியவில்லை. ஆள் பற்றாக்குறை இருப்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குப் பல ஆண்டுகள் வந்த பெரியவர் ஓய்வு பெற்ற பிறகு நிரந்தரமாக ஒருவர் வரவில்லை, இரண்டு பீட்டை ஒருவர் தலையில் கட்டுகிறார்கள் என்பதும் தெரியும். வெயிலில் அலைகிற அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமில்லை. வர முடியவில்லை என்றால் வர முடியவில்லை என்று எழுதுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். வராமலேயே இருந்துவிட்டு, வாசலைவிட்டு நகராத ஒரு தாயை வீட்டில் இல்லாதவர் என்று எழுதுவது பொய்யில்லாமல் வேறென்ன?

அந்தப் பொய்யின் விலை சிறிதல்ல. நேற்று உறை அனுப்பியவருக்கே திரும்பிவிட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தால், கையில் தர மாட்டோம், மறுபடியும் தபாலில்தான் வரும் என்கிறார்கள். அதாவது அதே அஞ்சலகத்துக்கு, அதே பீட்டுக்கு. யார்டில் தம்பிக்காகத் திங்கட்கிழமைவரைதான் இடம் வைத்திருப்பார்கள். அம்மாவோ, தன்னால்தான் பிள்ளையின் வேலை போகிறதோ என்று நினைத்துக்கொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம் "நான் எங்கயும் போவலையே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இணையத்தில் கொடுத்த புகாருக்கும் இன்று காலை பதில் வந்துவிட்டது. கதவு பூட்டியிருந்ததால் தபால் திருப்பி அனுப்பப்பட்டது, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று ஒற்றை வரி. நாளைக் காலை பத்து மணிக்கு நான் அந்தக் கவுன்ட்டரில் நிற்பேன். 'பூட்டியிருந்தது' என்பதை அடித்துவிட்டு 'கொண்டுபோகவில்லை' என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன். அந்தத் தாளை அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டும்.