எம்ஜிபி-ல வி8 போட்டா மூக்கு கனமாயிடுமா?

எம்ஜிபி-ங்கறது பிரிட்டனோட எம்ஜி கம்பெனி செஞ்ச பழைய ஸ்போர்ட்ஸ் கார்; ஜிடி வி8-ங்கறது அதுல எட்டு சிலிண்டர் இன்ஜின் வெச்ச, கூரை மூடின மாடல். "எம்ஜிபி ஜிடி வி8 வாங்காதீங்க, எட்டு சிலிண்டர் வெயிட்ல முன்பக்கம் அமுங்கி கார் திரும்பவே திரும்பாது, நாலு சிலிண்டர்தான் பெஸ்ட்"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தப்புங்க.

அந்த 3528 சிசி ரோவர் வி8 முழுக்க அலுமினியம், பிளாக்கும் ஹெட்டும் ரெண்டுமே. 1961-ல அமெரிக்காவுல ப்யூக் கார் கம்பெனி கொண்டுவந்த டிசைன், அப்புறம் பிரிட்டனோட ரோவர் கம்பெனி உரிமையை வாங்கிருச்சு. சாதா எம்ஜிபி-ல இருக்குற 1798 சிசி நாலு சிலிண்டரோ வார்ப்பிரும்பு, அதனால எடை கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா பவர் 95-ல இருந்து 137 குதிரைசக்திக்கு எகிறுது.

அப்போ இந்தப் பேச்சு எங்கிருந்து வந்துச்சுன்னா, 1967-69ல வந்த எம்ஜிசி, எம்ஜிபி-யோட உடம்புலயே வந்த இன்னொரு மாடல்! அதுல 2912 சிசி ஆறு சிலிண்டர், நீளமான வார்ப்பிரும்பு இன்ஜின், நாலு சிலிண்டரை விட சுமார் 95 கிலோ அதிகம், அதுக்காக முன் சஸ்பென்ஷனையே டார்ஷன் பாருக்கு (ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொடுக்குற எஃகுத் தண்டு) மாத்துனாங்க, அப்பவே பத்திரிகைக்காரங்க ஸ்டியரிங்கைக் கிழிச்சு தொங்கவிட்டாங்க. அந்தப் பழிய வி8 தலையில கட்டுறது அநியாயம்.

போட்டோவுலயே கண்டுபிடிக்கலாம். பானெட் நடுவுல புடைப்பு இருந்தா எம்ஜிசி. வி8-ல கார்புரேட்டரைப் பின்னாடி தள்ளி வெச்சதால பானெட் சாதா எம்ஜிபி மாதிரியேதான் இருக்கும்.

வி8-ஐ வேணாம்னு சொல்ல ஒரே நியாயமான காரணம் விலைதான், 1973-76ல மொத்தமே 2591 தான் செஞ்சாங்க.