நேரம் கருதி…

போன மாதம் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு ஊர்த் திருவிழா. டிவியில் பாடுகிற ஒருவரின் மெல்லிசைக் கச்சேரி, மாலை சரியாக 6 மணிக்கு என்று நோட்டீஸ். அதன் அடியில் கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிகிற எழுத்தில் ‘மற்றும் உள்ளூர்க் கலைஞர்கள்’. பெயரும் இல்லை, ஊரும் இல்லை, வெறும் ‘மற்றும்’. நான் அந்த ‘மற்றும்’ பார்க்கத்தான் ஆறு மணிக்கே போனேன்.

பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி ஓரமாக எட்டுப் பேர் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். காலேஜ் வயசு, மூன்று பேர் பெண்கள். மதியத் தூறலில் தோல் தொய்ந்து கிடந்தது. ஒரு பையன் வைக்கோலைப் பற்றவைக்க, ஒரு பெண் பறையைத் தீக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். ‘தொப்’ என்றால் மறுபடி தீ. ‘டங்’ என்றால் அடுத்த பறை. அந்தச் சூடு ரொம்ப நேரம் நிற்காது. காய்ச்சிய கையோடு மேடை ஏறிவிட வேண்டும்.

ஏற்றவில்லை. பிரமுகர் வரவில்லையாம். மூன்றாவது தடவை காய்ச்சும்போது மணி ஏழேகால், அவர் வந்தார். அப்புறம் பொன்னாடை. எண்ண ஆரம்பித்து பதினான்கில் விட்டுவிட்டேன். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். பெரிய குழுவுக்குப் பேசியது இரண்டு மணி நேரம். அப்படியென்றால் எதில் கை வைப்பார்கள்? அரை மணி நேரம் என்று கூட்டிவந்த பிள்ளைகளுக்கு எட்டு நிமிடம். ‘நேரம் கருதி’ என்றார் தொகுப்பாளர். பொன்னாடைக்கு மட்டும் யாரும் நேரம் கருத மாட்டார்கள்.

சரி, அந்த எட்டு நிமிடமாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? டிரம்ஸ், கீபோர்டு எல்லாவற்றையும் துணி போட்டு மூடி மேடையை அடைத்துவிட்டு முன்னால் நாலடி விட்டார்கள். அதில் எட்டுப் பேர் ஆடிக்கொண்டே அடிக்க வேண்டும். அண்ணன் மைக் செட் வைத்திருந்தபோது நான் ஒயர் இழுத்தவன். அதனால் சொல்கிறேன், சவுண்ட் செக் எல்லாம் பெரிய குழுவுக்கு மட்டும்தான். முன்னால் வருகிறவர்களுக்குத் தொகுப்பாளரின் ஒற்றை மைக், மிக்சரில் பாதிக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். பெரிய குழு வந்ததும் சத்தம் திடுமென ஏறும், ஜனங்களும் ‘இதுதான்யா கச்சேரி’ என்பார்கள். பாதி அசத்தல் மிக்சரில்தான் இருக்கிறது.

அப்படியும் அடித்தார்கள் பாருங்கள்! முதல் இரண்டு நிமிடம் ஒருத்தரும் திரும்பவில்லை, பாதிக் கூட்டம் பொரிகடலைக் கடையில். மூன்றாவது நிமிடம் அடி மாறியது. முன் வரிசைப் பாட்டி ஒருவர் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார். பின்னாலேயே ரெண்டு வாண்டுகள். நாலாவது ஆள் எழுவதற்குள் மைக்கில் ‘நன்றி, நன்றி’.

கூத்து பார்த்து வளர்ந்த ஊர் இது. எடுத்த எடுப்பில் துரியோதனன் வந்து நிற்பானா? மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை எல்லாம் சேர்ந்து முதலில் களரி கட்டும், அதாவது வாசித்தே ஆட்டத்துக்குக் களம் அமைக்கும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து கூட்டத்தை வம்புக்கு இழுப்பான். அதற்கப்புறம்தான் ராஜா. களரி கட்டுவதை யாராவது ‘மற்றும்’ என்று நோட்டீசில் போடுவார்களா?

அதியமான் ஆண்ட தகடூர், இன்றைய தருமபுரி, என்றால் எல்லாரும் ஔவைக்குக் கிடைத்த நெல்லிக்கனியைத்தான் சொல்வோம். எனக்குச் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனாரைத்தான் பிடிக்கும். பரிசில் கேட்டு வந்தவரை நேரில் பார்க்காமலே அதியமான் பொருளைக் கொடுத்தனுப்ப, காணாமல் தருவதை வாங்கிப் போக நான் வியாபாரி இல்லை என்று மறுத்தவர் அவர். நம் கமிட்டிக்காரர்கள் மேடைக்குப் பின்னால் நீட்டுகிற கவரும் காணாமல் கொடுப்பதுதான். அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பது தனிச் சண்டை.

உள்ளூர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் கைதட்டச் சொல்லவில்லை. டிராக் போட்டு வாயசைக்கிறவர்களும் வருகிறார்கள், நானே டீக்கு எழுந்து போயிருக்கிறேன். ஆனால் கேட்டுவிட்டுத்தான் போனேன். நோட்டீசில் பெயரும் ஊரும் போடுங்கள், இன்னும் ரெண்டு மைக் வையுங்கள், பொன்னாடையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பிரமுகர் அவசரமாகக் கிளம்ப வேண்டுமென்றால் காரிலேயே போர்த்திவிடலாம்.

அவர்கள் இறங்கியதும் பின்னாலேயே போனேன். பறையை உறையில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், “உங்க குழு பேரு என்னம்மா, நோட்டீஸ்ல காணோமே?” என்றேன்.

“பேரு ரொம்ப நீளம்ணா. அதைச் சொன்னாலே எட்டு நிமிஷத்துல ரெண்டு நிமிஷம் போயிருக்கும்” என்று சிரித்தாள்.