பச்சை லைட்டு பத்தி ஒரு புலம்பல்

நான் வெப்சைட் செஞ்சு குடுத்த ஒரு சாப்பாட்டுக்கார ஆன்ட்டியோட சைட் சனிக்கிழமை காலைல படுத்துருச்சு, அத ஓட்டுற ஹோஸ்டிங் கம்பெனி சர்வர் விழுந்ததால. ஸ்க்ரீன்ஷாட் எல்லா குரூப்லயும் சுத்திட்டுதான் இருக்கு. ஆனா அதுக்குக் கீழ ஒரு தம்பி "ஆடத் தெரியாதவளுக்கு கூடம் கோணலாம்"னு கமெண்ட் போட, அதுக்கு நாப்பத்தி சொச்சம் பேர் சிரிச்சு வச்சிருக்கீங்க பாருங்க, அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

சர்வர் விழுந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. விழுந்து கெடந்துகிட்டே "நல்லா நிக்கிறேன்"னு சொல்லுச்சே, அதுக்குத்தான் கோவம்.

புரட்டாசி கடைசி சனி. ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு இது புரியாது, இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல தமிழ் பேசுறதையே விட்டு ரெண்டு மூணு தலைமுறை ஆன வீட்டுல கூட இந்த மாசம் கறிச்சட்டியத் தூக்கி பரண்ல வச்சிருவாங்க. டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதியில இருக்கிற அந்த ஆன்ட்டிக்கு வருஷ வருமானத்துல பெரும்பங்கு இந்த நாலஞ்சு சனிக்கிழமைலதான். வெள்ளி ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டு, "பீன்ஸ் பன்னிய 65 ராண்ட் ஆக்கிரு தம்பி, பருப்பு வெல ஏறிருச்சு"ன்னாங்க. (பன்னின்னா இங்க பன்னி சௌ, ரொட்டியக் குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்துறது.) ஒரே ஒரு வரி மாத்தினேன். பில்ட் பச்ச, டிப்ளாய் (புது கோட சர்வர்ல ஏத்துறது) பச்ச, சைட்ட தொறந்து பாத்தேன், 65ன்னு காட்டுச்சு, தூங்கிட்டேன்.

காலைல 5.40க்கு போன். "சைட் செத்துப்போச்சு தம்பி."

503, அதாவது "சேவை இப்ப இல்ல". லாக்கப் பாத்தா கன்டெய்னர் (நம்ம ஆப் ஓடுற பெட்டி) எழுந்திரிக்குது, டேட்டாபேஸத் தேடுது, கெடைக்கல, ஹெல்த் செக்ல ஃபெயில் ஆகுது, கொன்னுட்டு திரும்ப எழுப்புறாங்க, திரும்பக் கொல்றாங்க. சரி நம்ம மாத்தினதுதான் பிரச்சனையோன்னு ரோல்பேக் போட்டேன், பழைய வெர்ஷனுக்கே திரும்பச் சொல்லி. அது "க்யூவில் உள்ளது"ன்னு அரைமணி நேரம் கெடந்து, ஒரு வழியா பழைய வெர்ஷன் வந்தா அதுவும் அதே மாதிரி சாகுது. மூணு மாசமா ஓடின அதே வெர்ஷன்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஹோஸ்டிங் கம்பெனியோட உள் நெட்வொர்க் படுத்துருச்சு. ஆனா சேவை ஓடுதா இல்லையான்னு அவங்க காட்டுற ஸ்டேட்டஸ் பேஜ்ல வரிசையா பச்ச பச்சயா டிக்கு, "அனைத்து சேவைகளும் இயல்பாக இயங்குகின்றன". கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம் அப்படியே. அப்புறம் மஞ்சளுக்கு மாறி, "சில வாடிக்கையாளர்கள் சிறு தாமதத்தை உணரலாம்". ஆமாங்க, உணர்ந்தோம். நல்லாவே உணர்ந்தோம்.

அந்த ரெண்டரை மணி நேரம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? என் கோட்ல தப்பு தேடிட்டு இருந்தேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட மாத்திப் பாத்தேன், டேட்டாபேஸுக்குப் போற இணைப்புகளக் கொறச்சுப் பாத்தேன். ஆறு மணிக்கே செவப்பு காட்டியிருந்தா பத்தே நிமிஷத்துல ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸ்ஆப்ல அனுப்பியிருப்பேன், ஆன்ட்டியோட வேவிச்ச பீன்ஸ் அவ்வளவும் வித்திருக்கும். ஃபார்ம் போனது எட்டரைக்கு. அதுக்குள்ள பாதி பேர் வேற எடத்துல வாங்கிட்டாங்க. சைட் திரும்பி வந்தது பதினோரு மணிக்கு.

"வெள்ளிக்கிழமை யாராச்சும் டிப்ளாய் பண்ணுவானா?" தம்பி, "வெள்ளிக்கிழமை டிப்ளாய் பண்ணாதே"ங்கிற ஸ்டிக்கர் என் லேப்டாப்லயும் இருக்கு. நான் வியாழக்கிழமை பண்ணியிருந்தாலும் இதே கதிதான், ஏன்னா அங்க கன்டெய்னர தெனம் ஒரு தடவ அவங்களே ரீஸ்டார்ட் பண்ணுவாங்க, அப்பவும் டேட்டாபேஸ் கெடைக்காம செத்திருக்கும்.

"கேப் டவுன்லயே ஏடபிள்யூஎஸ் (அமேசானோட சர்வர் சேவை) இருக்கே, ஜோபர்க்ல அஸூர் (மைக்ரோசாஃப்டோடது) இருக்கே." இருக்கு. 2020லேருந்து அது இருக்கு, 2019லேருந்து இது இருக்கு, 2024ல கூகுளும் வந்துருச்சு. எனக்கு மட்டும் சர்வருக்காக ஃப்ராங்ஃபர்ட் வரைக்கும் போயிட்டு வர ஆசையா? பன்னி விக்கிற ஆன்ட்டிக்கு குபர்நெட்டிஸ்னு கன்டெய்னர்கள மேய்க்கிற பெரிய ஏற்பாட்டக் கட்டி, ரெண்டு ரீஜன்ல வச்சு, அத யார் ராத்திரி பகலா பாத்துக்கிறது? "நீங்க கோட் மட்டும் எழுதுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்"னு சொன்னதாலதான அங்க போனேன்.

ஒண்ணு மட்டும் என் தப்பு. புதுசா ஏத்தின மெனு படங்கள கன்டெய்னர் டிஸ்க்லயே வச்சிருந்தேன், ரீஸ்டார்ட்ல எல்லாம் போச்சு. அந்த டிஸ்க் நெலைக்காதுன்னு எனக்கு நல்லா தெரியும், சோம்பேறித்தனம். இத மட்டும் ஒருத்தரும் கேக்கல, அது வேற விஷயம்.

"பெரிய பெரிய கம்பெனியே விழுது"ன்னு சமாதானம் சொல்றீங்க. அதத்தான் நானும் சொல்றேன்! 2017 பிப்ரவரி 28ல அமேசான்ல ஒரு கமாண்ட்ட தப்பா அடிச்சு எஸ்3ங்கிற ஃபைல் சேமிப்பு சேவை படுத்துச்சு, ஸ்டேட்டஸ் பேஜ மாத்தக்கூட எஸ்3 வேணும்ங்கிறதால அதையும் மாத்த முடியாம கெடந்தாங்க. சிரிப்பு வருதுல்ல? ஆனா அத அவங்களே எழுதி வெளியிட்டாங்க. 2025 அக்டோபர் 20ல வர்ஜீனியால ரெண்டு ஆட்டோமேஷன் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு டைனமோடிபிங்கிற அமேசான் டேட்டாபேஸோட டிஎன்எஸ் (முகவரி) பதிவே காலியா போச்சு, அதையும் வரி வரியா எழுதினாங்க. என் ஹோஸ்டிங் கம்பெனிகிட்டேருந்து எனக்கு வந்த மெயில்ல என்ன இருந்துச்சு? "உங்கள் பொறுமைக்கு நன்றி." நான் எப்பய்யா பொறுமையா இருந்தேன்?

2023ல இங்க லோட்ஷெட்டிங்ல (முறை வச்சு கரண்ட் கட்) ஸ்டேஜ் 6ன்னு நாம படாத பாடா? ஆனா எத்தன மணிக்குப் போகும், எத்தன மணிக்கு வரும்னு போன்ல அட்டவணை வந்துரும், அதுக்கு முன்னாடி சோத்த வடிச்சு வச்சுக்குவோம். இருட்டுல இருக்கோம்னு தெரிஞ்சா மெழுகுவத்தி ஏத்தலாம். லைட்டு எரியுதுன்னு ஒருத்தன் சத்தியம் பண்ணா என்ன பண்றது, நம்ம கண்ணத்தான கசக்கிக்கிட்டு நிக்கணும்?

எங்கப்பா கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட்ல டைம் கீப்பர். கடைசி பஸ் பிரேக்டவுன்னா ஒளிய மாட்டாரு, சாக்பீஸ்ல "பஸ் வராது"ன்னு எழுதிட்டு போர்டு பக்கத்துலயே நிப்பாரு. ஜனம் அவரத்தான் திட்டும், அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டும். திட்டிட்டு ஷேர் ஆட்டோ பிடிச்சு வீடு போய்ச் சேரும். நான் சின்னப் பையன், ஏம்ப்பா வாங்கிக் கட்டிக்கிறீங்க, உள்ள போய் உக்காந்துக்கலாம்லன்னு கேட்டிருக்கேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.

நஷ்ட ஈடு உண்டுங்க, அதையும் சொல்லிடறேன். 99.95 சதவீதம் ஓடும்னு வாக்கு, அதாவது மாசத்துக்கு 21 நிமிஷம் சொச்சம்தான் விழலாம். அஞ்சு மணி நேரத்துக்கு மேல விழுந்ததுக்கு பத்து சதவீதம் கிரெடிட் (பில்லுல கழிவு), அதுவும் நாமளே ஃபார்ம் நிரப்பிக் கேக்கணும். என் ப்ளான் மாசம் 7 டாலர். ஆக 70 சென்ட். ஆன்ட்டிக்கு நஷ்டம் ரெண்டு அண்டா பீன்ஸ்.

ஞாயித்துக்கிழமை நேர்ல போனேன். ஒரு வார்த்த திட்டல அவங்க. சமையல் மேடைல ஸ்கூல் நோட்டு ஒண்ணு, அதுல பேனாவால பேரு, எத்தன, எத்தன மணிக்குன்னு கோடு போட்டு எழுதி வச்சிருந்தாங்க. ஐஸ்கிரீம் டப்பா நெறய பாயசம் ஊத்திக் குடுத்தாங்க. மகன்தான் கதவுகிட்ட நின்னு, அடுத்த வருஷம் உம்லாங்கால ஒரு பெரிய கம்பெனிகிட்ட குடுக்கப்போறோம், தப்பா எடுத்துக்காதீங்கன்னான். அவங்க எதுல ஹோஸ்ட் பண்ணுவாங்கன்னு கேட்டேன். சொன்னான். அதே ப்ளாட்ஃபார்ம்தான்.

ஒண்ணும் பேசாம வந்துட்டேன். டப்பாவ இன்னும் திருப்பிக் குடுக்கல.