கைக்குழந்தைக்குத் தேன் கலந்த கஷாயமா? வேண்டாம்

‘துளசி, மிளகு, சுக்கு போட்ட கஷாயத்தில் தேன் கலந்து கொடுத்தால் ஒரே நாளில் சளி போய்விடும். ஆறு மாதக் குழந்தைக்கும் தரலாம். ஆவி பிடித்தால் மூக்கிலேயே வைரஸ் செத்துவிடும்.’ வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியில் பாதி பாட்டி வைத்தியம், மீதி ஆபத்து.

முதலில் ஆபத்து. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது; நாக்கில் தொட்டு வைப்பதும் இதில் சேர்த்தி. தேனில் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பலவீனமான அழுகை, பால் குடிக்கத் திணறல், கழுத்து துவளுதல் என்று பாதிப்பு தொடங்கும். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி-யின் இணையதளத்தில் இந்த எச்சரிக்கை இருக்கிறது.

ஒரு வயதுக்கு மேல் கதை வேறு. தேன் இருமலைக் கொஞ்சம் தணிக்கிறது என்று பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு சொல்கிறது. சுக்கும் மிளகும் தொண்டைக்கு இதம்தான், சரி. ஆனால் சளியை ஒரே நாளில் விரட்டும் என்பதற்குச் சான்று இல்லை; சாதாரணச் சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே போகும்.

ஆவி வைரஸைக் கொல்லாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதுதான் மிச்சம்.

இதை ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், அதே குழுவில் ‘ஒரு வயதுக்குள் தேன் கூடாது’ என்று ஒரு வரி போடுங்கள். இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.