டுப்ரோவ்னிக்கில் சிம்மாசனம் கிடையாது

குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரத்துக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "கேம் ஆஃப் த்ரோன்ஸ் எடுத்த இடங்களைச் சுற்றிக் காட்டும் நடை டூருக்குக் காசு கொடுக்கலாமா?" சிம்மாசனத்துக்காக அடித்துக்கொள்ளும் அரச குடும்பங்களைப் பற்றிய டிவி தொடர் அது. தாராளமாகக் கொடுக்கலாம். தொடரைப் பார்த்துவிட்டு ஊரைத் தேடி வருபவர்களை மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. யாராக இருந்தாலும் ஏதோ ஒரு ஆசையில்தான் ஓர் ஊருக்குக் கிளம்புகிறோம். வந்தவர்களுக்கு என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதுதான் முக்கியம். அங்கேதான் பல டூர்கள் கோட்டை விடுகின்றன.

2012இல் ஒளிபரப்பான இரண்டாம் சீசன் முதல் மதில் சூழ்ந்த இந்தப் பழைய நகரம்தான் தொடரின் தலைநகரமான கிங்ஸ் லேண்டிங். பழைய நகரத்தின் நுழைவாயிலான பீலே வாசலில் கூட்டம் சேர்ந்ததும் வழிகாட்டி, தொடரின் காட்சி ஒன்றை லேமினேட் செய்த படத்தைத் தூக்கிப் பிடிப்பார். படத்தில் இருக்கும் கல்லும் எதிரே இருக்கும் கல்லும் அப்படியே பொருந்தும். எல்லோரும் "ஆ!" என்பார்கள், போன்கள் மேலே போகும், அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். அந்த நொடி சந்தோஷமானது, மறுக்கவில்லை. ஆனால் அதோடு நின்றுவிடுவது அநியாயம்.

லோவ்ரியெனாட்ஸ் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மதிலுக்கு வெளியே, கடலோரம் 37 மீட்டர் உயரப் பாறைமேல் நிற்கிறது. தொடரில் இதுதான் அரசன் வாழும் ரெட் கீப் கோட்டை. கடலைப் பார்த்த பக்கங்களில் சுவர் 4 முதல் 12 மீட்டர் வரை தடிமன். ஊரைப் பார்த்த பக்கத்தில் வெறும் 60 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. காரணம் இருக்கிறது. கோட்டைத் தளபதி என்றைக்காவது ஊருக்கு எதிராகத் திரும்பினால், ஊரிலிருந்தே பீரங்கி வைத்து அந்தச் சுவரை உடைத்துவிடலாம். கோட்டை வாசலுக்கு மேல் லத்தீனில் வெட்டியிருக்கிறார்கள்: எவ்வளவு தங்கம் கொடுத்தாலும் சுதந்திரத்தை விற்பது நல்லதல்ல. அரசன் வாழ்ந்ததாகக் காட்டிய கோட்டை, யாரும் அரசனாகிவிடக் கூடாது என்ற பயத்தையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டது!

ஊரே அப்படித்தான். 1358 முதல் 1808இல் நெப்போலியனின் ஆட்கள் கலைக்கும் வரை இது ரகூசா என்ற குடியரசு. தலைவருக்கு ரெக்டர் என்று பெயர், பதவி ஒரே ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க அவர் அரண்மனையிலேயே தங்க வேண்டும், அரசாங்க வேலை இல்லாமல் வெளியே வர முடியாது. அப்புறம் இரண்டு வருடம் கழித்துத்தான் மறுபடி தேர்ந்தெடுக்கலாம். இதை ஜனநாயகம் என்று சொல்லிவிட முடியாது. ஓட்டு பிரபுக் குடும்பத்து ஆண்களுக்கு மட்டும்தான். ஆனாலும் அதிகாரம் ஒரு கையில் தங்கிவிடக் கூடாது என்பதில் அவர்கள் அவ்வளவு கவனமாக இருந்தார்கள். அதே ரெக்டர் மாளிகை முற்றத்தைத் தொடரில் கார்த் நகரத்து வியாபாரியின் வீடாகக் காட்டினார்கள். பல வழிகாட்டிகள் அதை மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். எதிரே லோக்ரும் தீவில் தொடரில் வரும் இரும்புச் சிம்மாசனத்தின் மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் உட்கார்ந்து படம் எடுக்க வரிசை. உட்காருங்கள், எடுங்கள். இந்த ஊரில் நிஜமாக ஒரு சிம்மாசனம் ஏன் இல்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டாமா?

அடுத்தது ஜெசூட் படிக்கட்டு. தொடரில் ராணி செர்சியை, "ஷேம்!" (வெட்கம்!) என்ற கூச்சலுக்கு நடுவே தண்டனையாக ஊர் வழியே நடக்க வைக்கும் காட்சி தொடங்கிய இடம். 18ஆம் நூற்றாண்டில் ரோமின் ஸ்பானியப் படிகளைப் பார்த்து அமைத்தது, மேலே புனித இக்னேஷியஸ் தேவாலயம். அங்கே நின்று "ஷேம்! ஷேம்!" என்று கத்துவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சுற்றிலும் வீடுகள். அவற்றில் தூங்கவும் படிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். கூட்டமும் வாடகையும் தாங்காமல் மதிலுக்குள் குடியிருப்பவர்கள் ஏற்கெனவே வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களையும் கத்தியே விரட்ட வேண்டுமா? இதை அடக்க வேண்டிய வழிகாட்டியே சில சமயம் முதல் குரல் கொடுக்கிறார்.

சண்டைக் காட்சிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் டூரில் 1991 என்ற வருடமும் வந்தாக வேண்டும். அந்த அக்டோபரில், குரோஷியா பிரிந்து வந்த யூகோஸ்லாவியாவின் ராணுவம் ஊரை முற்றுகையிட்டது. டிசம்பர் 6 அன்று பழைய நகரத்தின் மேலேயே குண்டுமாரி பொழிந்தது. 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் நகரம், அதுவும் காப்பாற்றவில்லை. மதில்மேல் நடக்கும்போது கூரைகளைக் கவனியுங்கள். வெளிறிப்போனவை பழைய ஓடுகள், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் போருக்குப் பிறகு போட்டவை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆரஞ்சுதான் கூடுதல். உங்கள் வழிகாட்டி நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர் என்றால் அந்த நாட்கள் அவருக்கு நினைவிருக்கும். அவர் சொல்ல விரும்பினால் கேளுங்கள், லேமினேட் படம் காத்திருக்கட்டும்.

டூர் நடத்துபவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊரின் சொந்தக் கதைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ரசிகர்கள் சலித்துக்கொள்ள மாட்டார்கள், அந்தத் தொடரை விரும்பியதே இப்படிப்பட்ட அதிகாரக் கதைகளுக்காகத்தானே. போகிறவர்களும் பணம் கட்டும் முன்பே லோவ்ரியெனாட்ஸுக்கு உள்ளே கூட்டிப்போவார்களா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, மதில் டிக்கெட்டிலேயே அந்தக் கோட்டையும் அடக்கம். நீங்களாகவே ஏறிப் போய் அந்த மெல்லிய சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.